மதுரை வீட்டுக்கு டாய்லெட் பேப்பர்: எந்த பிராண்ட், எத்தனை அடுக்கு?

திருநகர் தாத்தா

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. கேள்வியைப் பார்த்துச் சிரிப்பு வரும். பதிலைச் சொல்லிவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

ஜூன் கடைசியில் மகள் குடும்பம் டாலஸிலிருந்து வருகிறது. 40 நாள் இருப்பார்கள். மகள் இந்த வீட்டில் வளர்ந்தவள், அவளுக்கு வாளியும் மக்கும் போதும். மருமகன் காரைக்குடிப் பக்கம், அவரைப் பற்றியும் கவலை இல்லை. பேரனும் பேத்தியும் அங்கேயே பிறந்தவர்கள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தபோது பேரன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "தாத்தா, பேப்பர் இல்லே!" என்று கத்தினான். நான் வாசலில் கிடந்த தினசரிப் பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடினேன். படிக்கக் கேட்கிறான் என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்கு அவசரத்தில் பக்கத்துக் கடையில் இருந்த ரோலை வாங்கி மாட்டினேன். அது சமையலறை ரோல் என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் வாரம் வெஸ்டர்ன் டாய்லெட்டில் தண்ணீர் இறங்காமல் விளிம்பு வரை ஏறி நின்றது. ஆள் வைத்து எடுத்துப் பார்த்தால், குழாய் வளைவில் பேப்பர் ஊறின வேட்டித் துணி மாதிரி முழுசாகக் கிடக்கிறது.

இந்தத் தடவை முன்னேற்பாடாக இருக்கலாம் என்று பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் போய் நின்றேன். பிரீமியர், ஆரிகாமி, செல்பாக் என்று ஓர் அலமாரி முழுக்க அடுக்கியிருக்கிறார்கள். மகள் போனில் பெகோ என்று ஒரு மூங்கில் பேப்பரைச் சொல்கிறாள். ரெண்டு அடுக்கு, மூணு அடுக்கு, எத்தனையோ ஷீட், எல்லாவற்றிலும் பூப் படம். எங்கள் தெருவில் செப்டிக் டேங்க்தான். எதை வாங்குவது? ஃப்ளஷ் பண்ணலாமா, கூடாதா?

சிம்மக்கல் சிட்டு

அண்ணே, வைகையில் தண்ணி இல்லை, சரி. வீட்டுக் குழாயிலுமா இல்லை?

திருநகர் தாத்தா

இதை எதிர்பார்த்தேன் தம்பி. அடுத்தவர் வரட்டும்.

கே.கே. நகர் ரேவதி

ஐயா, நாங்கள் மூன்று வருஷமாக வாங்குகிறோம். மாமியாருக்குத் தோள்பட்டை வலி, கை பின்னால் போகாது. கழுவிக்கொள்வதே பெரிய பாடு, ஈரத்தோடு எழுந்து வந்தால் சேலை நனைந்து புண்ணாகிவிடுகிறது. அதனால் ஹேண்ட் ஷவர், அதற்கப்புறம் பேப்பர். தண்ணீரா பேப்பரா என்று சண்டை போடுகிறவர்களுக்கு ரெண்டும் சேர்ந்து இருக்கலாம் என்பது ஏனோ தோன்றுவதே இல்லை.

முதலில் கணக்கு. பிராண்டைப் பார்க்காதீர்கள், பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். எத்தனை ரோல், ரோலுக்கு எத்தனை ஷீட், எத்தனை அடுக்கு (அதாவது ஒரு ஷீட்டில் எத்தனை மெல்லிய ஏடு). ஷீட் ஒன்று ஏறத்தாழ 10 செ.மீ. நீளம். உதாரணத்துக்கு, வசதியான எண்ணாக எடுத்துக்கொள்கிறேன்: 160 ஷீட், ரெண்டு அடுக்கு, நாலு ரோல், 120 ரூபாய். மொத்தம் 64 மீட்டர். இன்னொன்று 220 ஷீட், மூணு அடுக்கு, நாலு ரோல், 220 ரூபாய். அது 88 மீட்டர். மீட்டர் விலை பார்த்தால் முதலாவது 1.88, ரெண்டாவது 2.50, முதலாவதுதான் மலிவு. அடுக்கோடு பெருக்கிப் பாருங்கள். முதலாவது 128 மீட்டர் பேப்பர், மீட்டருக்கு 94 பைசா. ரெண்டாவது 264 மீட்டர், 83 பைசா. எது மலிவு என்பது புரண்டுவிட்டதா? மாமியார் ரெண்டு அடுக்கில் ஆறு ஷீட் இழுப்பார், மூணு அடுக்கில் நாலு. ரெண்டிலும் பன்னிரண்டு ஏடுதான், அதனால் அப்படிப் பார்த்தாலும் மூணு அடுக்குதான் மலிவு.

ஒரு எச்சரிக்கை. சில பாக்கெட்டில் ஷீட் எண்ணிக்கையை அடுக்கோடு பெருக்கிப் பெரிய எழுத்தில் போடுவார்கள். 320 என்று கொட்டை எழுத்தில் இருக்கும், ஓரத்தில் பொடி எழுத்தில் "160 × 2". கண்ணாடி போட்டுக்கொண்டு போங்கள்.

பிராண்ட் என்றால் எங்கள் வீட்டில் ஆரிகாமியின் மூணு அடுக்கு. அது கிடைக்காத மாதம் அமேசானின் சொந்த பிராண்டான பிரெஸ்டோ. ரெண்டிலும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

காகிதக்கடை

கீழமாசி வீதிப் பக்கம் டிஸ்போசபிள் மொத்த வியாபாரம் பண்ணுகிறேன். கப்பு, தட்டு, வாழையிலை மாதிரி பேப்பர், டிஷ்யூ எல்லாம். எந்தக் கம்பெனிக்கும் நான் ஏஜெண்ட் இல்லை, அதனால் நம்பிக் கேட்கலாம்.

அக்கா சொன்னது சரி, ஆனால் அது பாதிதான். லாட்ஜ்காரர்கள் எங்களிடம் ரோலை ஷீட்டில் கேட்க மாட்டார்கள், கிராமில் கேட்பார்கள். "நூறு கிராம் ரோல் என்ன ரேட்?" அவ்வளவுதான் பேச்சு. ரோலை எத்தனை குண்டாக வேண்டுமானாலும் காட்டலாம். நடுவில் இருக்கும் அட்டைக் குழலைப் பெரிசாக்கலாம், சுற்றைத் தளர விடலாம், பூவும் புள்ளியுமாக அழுத்தி உப்ப வைக்கலாம். தராசை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது.

டிஷ்யூவில் ஓர் அடுக்கு பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 15 கிராம் பக்கம் இருக்கும், கொஞ்சம் முன்னே பின்னே. அக்காவின் 160 ஷீட் ரோலை எடுங்கள். 16 மீட்டர் நீளம், 10 செ.மீ. அகலம், ஆக 1.6 சதுர மீட்டர். ரெண்டு அடுக்கு என்றால் 48 கிராம். வீட்டில் மாவு நிறுக்கிற தராசில் வைத்து, அட்டையின் எடையைக் கழித்துவிட்டு, 40க்குக் கீழே வந்தால் ஒன்று பேப்பர் மெல்லிசு, இல்லையென்றால் ஷீட் குறைவு. என்னிடம் ஒரு தடவை பெயர் தெரியாத ஒரு சரக்கு வந்தது. ரோல் பூசணிக்காய் மாதிரி, நிறுத்தால் முருங்கைக்காய். திருப்பி அனுப்பினேன்.

மென்மை எங்கிருந்து வருகிறது என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். ஈரக் காகிதத்தைப் பெரிய சூடான உருளையில் ஒட்டி உலர்த்தி, கத்தியால் சுரண்டி எடுப்பார்கள். அப்போது விழுகிற பொடிச் சுருக்கம்தான் அந்த மெத்தென்ற தன்மை. வெளிச்சத்தில் இழுத்துப் பிடித்தால் கண்ணுக்கே தெரியும். யூகலிப்டஸ் மாதிரி மரத்தின் குட்டை நார் மென்மைக்கு, ஊசியிலை மரத்தின் நீள நார் பலத்துக்கு. ரெண்டையும் கலப்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி கைப்பக்குவம்.

தாத்தா வாங்கின சமையலறை ரோல் ஏன் கரையவில்லை என்பதும் இதோடு சேர்ந்ததுதான். அதில் ஈரத்திலும் கிழியாமல் இருக்க ஒரு பிசின் சேர்க்கிறார்கள். முகம் துடைக்கிற டிஷ்யூவிலும் அது உண்டு. டாய்லெட் ரோலில் சேர்ப்பதில்லை, அது கரைய வேண்டிய பேப்பர். பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஆண்டாள்புரம் டு ஆஸ்டின்

பிறந்தது ஆண்டாள்புரம், இப்போது 14 வருஷமாக டெக்சாஸ். ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். இணையத்தில் இருக்கிற வெளிநாட்டு ஒப்பீடுகளைப் படித்து பிராண்ட் முடிவு பண்ணாதீர்கள். அவர்கள் காய்ந்த பேப்பரால் துடைத்துவிட்டு எழுந்து வருகிறவர்கள். நாம் கழுவிவிட்டு, அந்த ஈரத்தை ஒற்றி எடுக்கத்தான் பேப்பர் கேட்கிறோம். வேலையே வேறு. அங்கே நல்ல பெயர் வாங்கின பேப்பர் ஈர உடம்பில் பட்டதும் பிசைந்த மாவு மாதிரி உருண்டு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதைக் கழுவ இன்னொரு மக் தண்ணீர்.

2020 மார்ச்சில் இங்கே கடைகளில் பேப்பர் அலமாரி காலியாகக் கிடந்தது. ஆபீசில் ஒருத்தன் காரில் 48 ரோல் பதுக்கி வைத்திருந்தான். நான் 30 டாலருக்கு ஒரு ஹேண்ட் ஷவர் வாங்கி மாட்டியதைச் சொன்னதும் மூன்று பேர் லிங்க் கேட்டார்கள். எங்கள் அப்பத்தா இருந்திருந்தால் அவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கும்.

திருநகர் தாத்தா

தம்பி சொன்னது மனசில் பட்டது. நான் பாலிடெக்னிக் லேபில் 31 வருஷம் வேலை பார்த்தவன், சும்மா இருக்க முடியவில்லை. நேற்று பரிசோதனை.

துணி துவைக்கிற கல்லின் மேல் ஐந்து காலி தண்ணீர் பாட்டில், ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் போர் தண்ணீர், ஒவ்வொன்றிலும் நாலு ஷீட். ரெண்டு அடுக்கு ரோல், மூணு அடுக்கு ரோல், முகம் துடைக்கிற டிஷ்யூ, பழைய சமையலறை ரோலின் மிச்சம், பேத்திக்கு வாங்கி வைத்த ஈர வைப்ஸ் மட்டும் ஒன்று. மூடியை இறுக்கி இருபது குலுக்கு. வீட்டுக்காரி மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "யாருக்கு மருந்து கலக்குறீங்க?" என்றாள்.

ரெண்டு அடுக்கு இருபது குலுக்கில் கஞ்சி. மூணு அடுக்கு முதலில் ஏடு ஏடாகப் பிரிந்தது, ஒரு பத்து நிமிஷம் விட்டுத் திரும்பக் குலுக்கினால் அதுவும் கஞ்சிதான். முக டிஷ்யூ முழுசாக மிதந்தது. சமையலறை ரோலைப் பற்றிச் சொல்ல வேண்டாம், எடுத்துப் பிழிந்து காயப்போட்டால் இன்னொரு தடவை உதவும். வைப்ஸை ராத்திரி முழுக்க ஊற விட்டுக் காலையில் பார்த்தேன். போட்டது போட்டபடி, ஓரம்கூட கலையவில்லை.

அடுத்தது ஆஸ்டின் தம்பிக்காக. உள்ளங்கையை நனைத்து உதறிவிட்டு ஒற்றிப் பார்த்தேன். ரெண்டு அடுக்கு விரல் இடுக்கில் வெள்ளைத் துணுக்கு துணுக்காக உருண்டது. மூணு அடுக்கு தாங்கியது. ஆரிகாமி, செல்பாக் ரெண்டின் மூணு அடுக்கும் பார்த்தேன். செல்பாக் துருக்கி பிராண்டாம், தொட்டால் கொஞ்சம் தடிப்பு. ஒற்றி எடுப்பதில் ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஆக, ஈரத்தில் தாங்குவது சீக்கிரம் கரையாது, சீக்கிரம் கரைவது ஈரத்தில் தாங்காது. ரெண்டும் ஒரே ரோலில் வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஓவர்சீயர் (ஓய்வு)

சோதனை பிரமாதம். ஆனால் சார், உங்கள் பாட்டிலில் அரை லிட்டருக்கு நாலு ஷீட், அதோடு இருபது குலுக்கு. உங்கள் குழாயில் குலுக்குவது யார்?

பழைய சிஸ்டர்ன், அதாவது ஃப்ளஷ் தொட்டி என்றால் ஒரு தடவைக்கு 10 லிட்டர் கொட்டும். இப்போது போடுகிற ரெட்டைப் பொத்தான் சிஸ்டர்னில் சின்ன பொத்தானுக்கு 3 லிட்டர், பெரிய பொத்தானுக்கு 6 லிட்டர். பேப்பர் போட்டால் பெரிய பொத்தான்தான். பிள்ளைகள் சின்னதைத்தான் அமுக்கும், அது கைக்கு எட்டும். இண்டியன் டாய்லெட்டில் மக்கால் ஊற்றுகிறீர்கள் என்றால் பேப்பரே போடாதீர்கள். அந்தத் தண்ணீருக்கு மலத்தைத் தள்ளும் வேகம் உண்டு, வளைவில் ஒட்டின பேப்பரைத் தள்ளும் வேகம் கிடையாது.

டேங்குக்குள் போனால் கஞ்சியான பேப்பர் பெரிய தொந்தரவு இல்லை. அது நார்தான், மெதுவாக மக்கும், மக்காதது அடியில் வண்டலாகச் சேரும். வண்டல் சேர்ந்தால் லாரி கொஞ்சம் சீக்கிரம் வர வேண்டியிருக்கும். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வண்டல் எடுப்பது எப்படியும் நல்லது. நம் ஊரில் பாதிப் பேர் நிரம்பி வழிந்தால்தான் போன் எடுக்கிறார்கள். என் பயமெல்லாம் அந்த ஐந்தாவது பாட்டில். வைப்ஸ் பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்தது, அதாவது பிளாஸ்டிக். அது மக்காது, வண்டலோடு உறிஞ்சு வராது, குழாய் வாயில் சுற்றிக்கொள்ளும். அப்புறம் யாராவது ஒருவரைக் கையை விடச் சொல்வீர்கள், இல்லை உள்ளே இறங்கச் சொல்வீர்கள். 2013இலேயே அதற்கு எதிராகச் சட்டம் வந்தாயிற்று. எத்தனையோ இடத்தில் மூடியைத் திறக்கும்போது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன், அந்த வாயு என்ன செய்யும் என்று தெரியும். வைப்ஸை மட்டும் தயவுசெய்து உள்ளே போடாதீர்கள், பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

மேலூர் நர்ஸ்

ஆஸ்பத்திரி பக்கத்திலிருந்து ரெண்டு வார்த்தை. மூலம் ஆபரேஷன் ஆனவர்களுக்கு, பிரசவத்தில் தையல் போட்டவர்களுக்கு வெதுவெதுப்பான தண்ணீர்தான் முதலில். அப்புறம் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. வாசனை போட்ட பேப்பர், கலர் பேப்பர் வேண்டாம். ரோஜா வாசனை மூக்குக்கு நல்லது, கீழே இருக்கிற தோலுக்கு எரிச்சல். பெண் குழந்தைகளுக்கு முன்னாலிருந்து பின்னால் துடைக்கச் சொல்லிக் கொடுங்கள், திருப்பித் துடைத்தால் சிறுநீரில் கிருமி ஏறும். தாத்தாவின் பேத்திக்கு ஐந்து வயசா? சொல்லிக் கொடுக்கச் சரியான வயசு.

சிம்மக்கல் சிட்டு

சிரித்தது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் ஒரு கேள்வி. மூங்கில் பேப்பர் நிஜமாகவே நல்லதா, இல்லை பழுப்புக் கலர் போட்ட விலையா?

கே.கே. நகர் ரேவதி

பெகோ ஒரு பாக்கெட் வாங்கிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. மூங்கில் வெட்ட வெட்டத் துளிர்க்கும், மரம் மாதிரி ஒவ்வொரு தடவையும் நட்டுக் காத்திருக்க வேண்டாம், அந்த வகையில் பிடித்தது. வெளிநாட்டு பிராண்டுகளில் மட்டும் ஜாக்கிரதை. 2024இல் பிரிட்டனில் ஒரு நுகர்வோர் அமைப்பு சோதித்துப் பார்த்தபோது மூங்கில் என்று விற்ற சிலவற்றில் மூங்கில் நார் பேருக்குத்தான் இருந்ததாம். என் அம்மா கேட்டுவிட்டுச் சொன்னது வேறு: "பழைய வேட்டியைச் சதுரமா வெட்டி வைச்சுக்கோ, துவைச்சுக் காயப்போடு." மாமியார் அதற்குச் சம்மதிக்கவில்லை, அதைத் துவைக்கப்போவது நான் என்று அவருக்குத் தெரியும்.

காகிதக்கடை

நம் பக்கத்தில் கரும்புச் சக்கையிலிருந்தே காகிதம் எடுக்கிறோம். கரூர் புகழூரில் டி.என்.பி.எல். காகித ஆலை 1979இல் ஆரம்பித்ததே அதை நம்பித்தான். அதனால் மரம் வெட்டினால்தான் பேப்பர் என்று இல்லை. பழைய காகிதத்தை மறுசுழற்சி பண்ணின ரோலும் உண்டு. கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், கரைவது நன்றாகக் கரையும்.

இன்னொன்று, சரக்கைச் சேர்த்து வாங்கி பாத்ரூமிலேயே அடுக்காதீர்கள். நம் ஊர் பாத்ரூம் எப்போதும் ஈரம். ஈரம் குடித்த ரோல் எந்த பிராண்டாக இருந்தாலும் அப்பளக் கட்டுதான். பீரோ மேலே வைத்தால் ராமபாணப் பூச்சி, பரண் மேலே வைத்தால் எலி. ஒரு வீட்டில் எலி மூணு ரோலைப் பிய்த்துக் குட்டிக்கு மெத்தை போட்டிருந்தது. மூணு அடுக்காம். எலிக்கும் தெரிந்திருக்கிறது.

ஆண்டாள்புரம் டு ஆஸ்டின்

மாட்டும்போது பேப்பர் நுனி முன்பக்கம் தொங்கட்டும். 1891இல் ரோலுக்குக் காப்புரிமை வாங்கின சேத் வீலர் வரைந்த படத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. இங்கே இதற்குக் குடும்பச் சண்டையே நடக்கும். நமக்குக் காரணம் வேறு: பின்பக்கம் தொங்கினால் ஈரச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மேலே மூடி வைத்த ஸ்டாண்டு வாங்குங்கள், ஹேண்ட் ஷவருக்கு எதிர்ப்பக்கச் சுவரில் அடியுங்கள்.

திருநகர் தாத்தா

எல்லாருக்கும் நன்றி. ஆகஸ்ட் முதல் வாரம் அவர்கள் கிளம்பிப் போனார்கள், கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் ரெண்டு விதமும் வாங்கினேன். வெஸ்டர்னில் பேரனுக்கு பிரீமியர் ரெண்டு அடுக்கு, அவன் ஃப்ளஷ் பண்ணிக்கொள்ளலாம், பெரிய பொத்தானில் சிவப்புப் பொட்டு ஒட்டி வைத்தேன். ஹேண்ட் ஷவர் பக்கம் ஆரிகாமி மூணு அடுக்கு, ஒற்றி எடுத்து மூடி போட்ட குப்பைக் கூடையில். தினமும் காலையில் கூடையைக் காலி பண்ணுவது என் பொறுப்பு. மொத்தம் 24 ரோல் வாங்கினேன். முதல் வாரம் நாலு ரோல் பறந்தது, கடைசி மூணு வாரத்துக்கும் சேர்த்தே நாலுதான். காரணம் பேத்தி. ஹேண்ட் ஷவரைப் பிடித்து என்னைக் குளிப்பாட்டியவள், ஒரு நாள் அதன் உபயோகத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அண்ணனுக்கும் அவளே வகுப்பெடுத்தாள். ஊருக்குப் போய் அப்பாவிடம் அதே மாதிரி ஒன்று மாட்டச் சொல்லியிருக்கிறாளாம்.

குழாய் அடைக்கவில்லை. ஒன்பது ரோல் மிச்சம். ஓவர்சீயர் சார், டேங்கையும் திறந்து பார்க்க ஆள் சொல்லியிருக்கிறேன், லாரியோடுதான்.

மேலூர் நர்ஸ்

ஐயா, அந்த ஒன்பதில் மூணு அடுக்கு எத்தனை? எங்கள் வார்டில் ஒரு பாட்டிக்கு வேண்டும், காசு கொடுத்துவிடுகிறேன்.

திருநகர் தாத்தா

ஐந்து இருக்கிறது. காசெல்லாம் வேண்டாம். ஒன்றை மட்டும் வீட்டுக்காரி அடுப்படியில் வடை எண்ணெய் ஒற்ற எடுத்துப் போய்விட்டாள், அதனால் நாலு. ஞாயிற்றுக்கிழமை மேலூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன், பஸ்ஸிலேயே கொண்டு வருகிறேன்.